பெறுமதி பூச்சியம்

ஐந்தாம் வருசக் கணக்கு முடிந்ததும்
கணக்காளர் இம்தாத் பேனையை மூடிவிட்டுச் சொன்னார்:
"இனி உங்கட வள்ளத்துக்குக்
கடுதாசியில பெறுமதி இல்ல.
வருசத்துக்கு ஐஞ்சிலொண்டாத் தேச்சுத் தேச்சு
முடிச்சாச்சு."

டைக் வீதியில் மாடியறை.
சன்னலுக்கு வெளியே கடல்.
அதில் எங்கள் வள்ளம் தெரியவில்லை.
அது அந்த நேரம் நிலாவெளிக்கு வெளியே,
கரையிலிருந்து எட்டு மைலில்,
பிரான்சுக்காரர் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு
திமிங்கிலம் தேடிப் போய்க்கொண்டிருந்தது
பூச்சியப் பெறுமதியோடு.

நான் கேட்டேன்:
திமிங்கிலம் வராத நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
போன சித்திரையில் மூன்று நாள், ஆனியில் ஒன்று,
பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தோமே?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வரவிலை கழிக்கலாம். துண்டு இருக்கா?"

துண்டு இல்லை.
ஜேர்மன்காரி ஒருத்தி அணியத்தில் இருந்து அழுததும்
கிளமெண்ட் வெட்கப்பட்டு முழுக் காசையும் நீட்டியதும்
என் கொப்பியில் இருக்கின்றன,
நாளோடு, மணியோடு, தொகையோடு.
கொப்பியைத் தள்ளினேன்.
படித்தார்.
"அழுதவ" என்ற சொல்லை மட்டும்
பென்சிலால் மெல்லச் சுற்றினார்.

கடல் எங்களுக்கு அரை வருசம்தான் கதவு திறக்கும்.
வாடை தொடங்கினால் வள்ளம் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும்,
அதன் கீழே நாய் குட்டி போடும்.
லீசிங்காரனுக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதம்.
வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் நவம்பர் முப்பது:
மழை கொட்டி, முற்றம் குளமாகி,
கைப்பையில் பஸ் காசு மட்டும் மிஞ்சும் நாள்.

ஆகவே ஒரு பிஸ்கட் டின்.
ஒரு பயணத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு.
எண்ணெய்க்கு முன், ஐஸுக்கு முன்,
ஹோட்டல் வாசலில் நிற்கும் பெடியனின் கமிசனுக்கும் முன்.
மூடியில் மார்க்கரால் எழுதினேன்: அரசாங்கம்.
கட்டிலுக்கடியில் தள்ளியபோது கிளமெண்ட் சிரித்தான்:
"அரசாங்கத்துக்கு மேல படுக்கிற முதல் ஆம்பிளை நான்தான்."

படியிறங்கும்போது இம்தாத் சொன்னது
பிறகுதான் உறைத்தது.
கடுதாசியில் தேய்ந்து முடிந்த வள்ளம்
தண்ணீரிலும் ஒருநாள் தேய்ந்து முடியும்.
அன்றைக்கு வட்டிக்கு ஓடாமல் இருக்க
இன்றைக்கே சேர்க்க வேண்டும்.
இரண்டாவது டின் வீட்டில் இல்லை.
மட்டையொன்றை வெட்டி நடுவில் நிறுத்தினேன்:
இந்தப் பக்கம் அரசாங்கம்,
அந்தப் பக்கம் அடுத்த இஞ்சின்.

ஆவணிக் கடைசியில் மட்டை சாய்ந்திருந்தது.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு குறைவு,
அதுவும் அரசாங்கத்தின் பக்கத்தில்.
காது சுட்டது. அவனைக் கேட்க வேண்டிய சொற்களை
வாய்க்குள் வரிசைப்படுத்திக்கொண்டே
டின்னைக் கவிழ்த்தேன்.

அடியில் ஒட்டியிருந்து விழுந்தது ஒரு தாள்,
உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்து
அப்பளம் போல மொறுமொறுத்து:
புறொப்பெல்லர், ஒன்று.
கடை முத்திரை. திகதி. கையொப்பம்.
ஐந்து வருசத்தில் அவன் கொண்டுவந்த
முதல் பற்றுச்சீட்டு.
பின்பக்கம் அவன் கோணல் எழுத்து:
"புறாத்தீவுக் கல்லில அடிபட்டது.
ஆக்களுக்கு ஒண்டும் இல்ல.
இதக் கழிக்கலாமா?"

வரிசையில் நின்ற சொற்களைக் கலைத்துவிட்டேன்,
ஒன்றிரண்டைத் தவிர.
கோப்பில் குத்தப் போனபோது தாளின் மூலை நொறுங்கியது.
தொகை தப்பியது.

ஈடுகட்ட இருபத்தாறு பயணம் வேண்டும்.
வாடைக்கு இன்னும் ஐந்து கிழமை.
பெருக்கினேன், பிரித்தேன்,
ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துப் பார்த்தேன்.

வெளியே அவன்
பூச்சியத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்,
வாளி வாளியாய்,
நல்ல தண்ணீரால்.